கடலோரக் கார் ஷெட்டின் ரோலிங் ஷட்டருக்கு எந்த மோட்டார் பொருத்தமானது?

கெடிலக்கரை (கடலூர்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் தேவனாம்பட்டினம் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் வீடு, கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது. கார் ஷெட் வீட்டோடு சேராமல் தெருவோரமாகத் தனியே கட்டப்பட்டது. அதற்கு ஒரே வாசல்தான். அந்த வாசலில் 10 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட, கையால் தூக்கி இறக்கும் ஸ்பிரிங் வகை இரும்பு ஷட்டர் போடப்பட்டிருக்கிறது. தினமும் காரை எடுப்பவரும் கொண்டுவந்து விடுபவரும் என் மனைவிதான். அண்மைக் காலமாக அவருக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால், குனிந்து இரு பக்கப் பூட்டுகளையும் திறந்து, ஷட்டரைத் தூக்கி, காரை உள்ளே விட்டபின் மறுபடியும் குனிந்து பூட்டுவது பெரும் பாடாக இருக்கிறது.

எனவே ஷட்டருக்கு மோட்டார் வைத்து, ரிமோட்டிலும் முடிந்தால் கைப்பேசியிலும் இயக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் என் மகன், தன் வீட்டுக் கார் ஷெட்டின் கதவு கைப்பேசியிலேயே திறந்து மூடுவதாகவும், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அதைப் போன்ற ஒன்றை அங்கிருந்தே வாங்கி வருவதாகவும் சொல்கிறான். இங்கே விசாரித்த கடைக்காரரோ, சைடு மோட்டார் போட்டு அதில் வைஃபை பெட்டி ஒன்றை இணைத்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்கிறார். புயல் வந்தால் எங்கள் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இராது என்பதும், விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகள் ஷெட்டைச் சுற்றியே விளையாடுவார்கள் என்பதும் எனக்குள்ள இரண்டு கவலைகள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து டெக்சாஸ் – பதில்

ஐயா, வணக்கம். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து, பல ஆண்டுகளாக இங்கே வசிப்பவன் என்ற முறையில், இரு ஊர்க் கதவுகளையும் பார்த்துப் பழகிய அளவில் எழுதுகிறேன். தங்கள் மகன் அன்போடு சொல்கிறார் என்றாலும், அந்தச் சாதனத்தை இங்கிருந்து சுமந்து வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அமெரிக்க வீடுகளில் இருப்பது சுருண்டு மேலேறும் ஷட்டர் அன்று. கிடைமட்டமான நான்கைந்து பலகைகள் கீல்களால் இணைக்கப்பட்டு, இரு பக்கத் தண்டவாளங்களில் ஏறி, மேலே போய்க் கூரைக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும் கதவு அது. அதன் எடையை வாசலுக்கு மேலே உள்ள முறுக்கு ஸ்பிரிங் தாங்குகிறது. கூரையில் தொங்கும் மோட்டார், சங்கிலியாலோ பெல்ட்டாலோ கதவின் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்துத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தங்கள் ஷட்டரில் அப்படிப் பிடித்து இழுக்க ஓர் இடமே கிடையாது.

மின்சாரமும் ஒத்துவராது. இங்கே வீட்டு இணைப்பு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைக்கலாமே தவிர, ஹெர்ட்ஸை அதனால் மாற்ற முடியாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்யப்பட்ட ஏ.சி. மோட்டார் 50 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடி, வழக்கத்தைவிட அதிகமாகச் சூடேறும். பழுதானால் உதிரிபாகத்துக்கு மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த நாட்டின் பாதுகாப்பு விதிகளைத் தாங்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த நிகழ்வுகளுக்குப் பிறகு, 1993 முதல் இங்கே விற்கப்படும் ஒவ்வொரு வீட்டுக் கதவு மோட்டாரிலும், வாசலின் குறுக்கே ஒளிக்கதிர் சென்சாரோ அதற்கு இணையான வேறு ஏற்பாடோ இருந்தாக வேண்டும் என்று சட்டமானது. சென்சார் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு, அதாவது 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. தவழும் குழந்தையும் அதன் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அந்த அளவு. கீழிறங்கும் கதவு எதன்மீதாவது முட்டினால் 2 விநாடிக்குள் மேல்நோக்கித் திரும்ப வேண்டும். வீட்டில் ஆளில்லாமல் கைப்பேசி வழியாக மூடினால், கதவு அசைவதற்கு முன் குறைந்தது 5 விநாடியாவது விளக்கு மின்னி ஒலி எழுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2017-ல் காட்டுத்தீ பரவியபோது, மின்சாரம் போய்க் கார் ஷெட் கதவைத் திறக்க முடியாமல் தவித்தவர்கள் இருந்ததால், 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் பேட்டரி இல்லாத கதவு மோட்டாரை விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. தங்கள் இரண்டு கவலைகளும் இங்கே சட்டம் போடுமளவுக்குப் பெரியவையாகக் கருதப்பட்டிருக்கின்றன. கடைக்காரர் "வேறு எதுவும் வேண்டாம்" என்று சொன்னதை ஏற்காதீர்கள்.

ஷட்டர் பணி (புதுச்சேரி) – பதில்

ஐயா, நான் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கங்களில் ஷட்டர், கேட் மோட்டார் வேலை செய்பவன். தங்கள் கேள்வியில் என்னை முதலில் நிறுத்தியது, அந்த ஷெட்டுக்கு ஒரே வாசல்தான் என்று எழுதியிருக்கும் வரி. எந்த மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த ஒரு வரியே தீர்மானித்துவிடுகிறது என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ரோலிங் ஷட்டருக்கு நம் ஊரில் மூன்று வகை மோட்டார்கள் கிடைக்கின்றன. முதலாவது டியூபுலர் மோட்டார். ஷட்டர் சுற்றிக்கொள்ளும் பைப்புக்குள்ளேயே நுழைத்துவிடுவது. பார்க்க அழகாகவும் சத்தம் குறைவாகவும் இருக்கும். மின்சாரம் இல்லாதபோது ஒரு கைப்பிடிக் கம்பியை மாட்டிச் சுற்றித்தான் ஷட்டரை ஏற்ற வேண்டும். கம்பியை மாட்டும் கொக்கி ஷெட்டுக்கு உள்ளே இருக்கும். இரண்டாவது, தங்கள் கடைக்காரர் சொன்ன சைடு மோட்டார். ஒரு பக்கச் சுவரில் உட்கார்ந்து, ஷட்டர் சுற்றிக்கொள்ளும் தண்டான ஷாஃப்டைச் சங்கிலியால் சுழற்றுவது. பெரிய கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஏற்றது. கரண்ட் போனால் கைச்சங்கிலியை இழுத்து ஏற்றலாம், ஆனால் அந்தச் சங்கிலியும் உள்ளேதான் தொங்கும். இவை இரண்டிலும் ஷட்டர் மூடியிருக்கும்போது கரண்ட் போனால், வெளியே நிற்பவர் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்குப் போக வேறு கதவு இருப்பவர்களுக்கு இது குறையே அல்ல. தங்களுக்கோ, புயல் நாளில் காரே உள்ளே சிறைப்பட்டுவிடும்.

மூன்றாவது சென்ட்ரல் மோட்டார். இதை ஷாஃப்டின் நடுவில் கவ்வி மாட்டுவார்கள். இரு புறமும் உள்ள பழைய ஸ்பிரிங்குகள் அப்படியே இருக்கும், எடையின் பெரும்பகுதியை அவையே தொடர்ந்து தாங்கும். மோட்டாரில் ஒரு மின்காந்த பிரேக் இருக்கிறது. அதை விடுவிக்கும் கேபிளைச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து, சாவி போட்டுப் பூட்டும் ஒரு சிறிய பெட்டியில் முடித்துவிடலாம். கரண்ட் இல்லாத நாளில் பெட்டியைத் திறந்து கேபிளை இழுத்தால் பிரேக் விடும். அதன்பின் இன்று தூக்குவதைப் போலவே கையால் தூக்கிக்கொள்ளலாம். சைக்கிளின் பிரேக் ஒயரைப் போன்ற ஒயர்தான் அது. தனி ஷெட், ஒரே வாசல், ஏற்கெனவே ஸ்பிரிங் ஷட்டர் என்ற தங்கள் நிலைமைக்கு நான் இந்த வகையையே பரிந்துரைப்பேன். வாங்குவதற்கு முன் ஷாஃப்டின் விட்டத்தையும் ஸ்பிரிங் பெட்டியின் விட்டத்தையும் அளந்து, அதற்குப் பொருந்தும் மாடலைக் கேளுங்கள். ஷாஃப்டை வெட்டி ஒட்டி மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எடைக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 10 அடிக்கு 8 அடி என்பது ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். 1.2 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ இருக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள மடிக்கப்பட்டிருப்பதால் உண்மையில் அதைவிடக் கூடும். அடிப்பட்டையையும் சேர்த்தால் 100 கிலோவை ஒட்டி வரும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள தூக்கும் திறன் இதைவிடத் தாராளமாக இருக்கட்டும். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்துபோன ஷட்டருக்குப் பெரிய மோட்டாரைப் போட்டுச் சமாளிப்பது தவறான வழி. ஷட்டரைப் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கையை விடுங்கள். அங்கேயே நின்றாலோ மெல்ல அசைந்தாலோ ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. தடாலென்று இறங்கினால், மோட்டார் பேச்சுக்கு முன் ஸ்பிரிங்கைச் சரிசெய்தாக வேண்டும். அம்மா இவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பதைப் பார்த்தால், தங்கள் ஷட்டரில் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பிரேக்கை விடுவித்தபின் ஷட்டர் கையோடு வருவதும் ஸ்பிரிங் நன்றாக இருந்தால்தான் நடக்கும்.

அடுத்தது உப்புக்காற்று. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால், ஷட்டர் ஓடும் இரு பக்கச் சேனல்களின் அடிப்பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே மணலும் ஈரமும் உப்பும் சேர்ந்து தங்கும். பெயின்ட் மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும், ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் உட்புறத்தைச் சுரண்டினால் பொருக்கு பொருக்காகத் துரு உதிரும். அப்படி உதிர்ந்தால், சேனலின் கீழ் ஓரடியை வெட்டிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகப் போடுவது நல்லது. அதிலும் 304 என்ற தரம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விழும்; 316 கேட்டு வாங்குங்கள், அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். சேனலுக்குள் கிரீஸ் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கிரீஸில் கடல்மணல் ஒட்டி அரத்தூள் போல அராவும். நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே அடித்தாலே போதும்.

பூட்டு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். இன்று இரு பக்கமும் உள்ள கைப்பூட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரையும் போட்டால், ஒருவர் பூட்டியிருப்பது தெரியாமல் இன்னொருவர் ரிமோட்டை அழுத்தும் நாள் வந்தே தீரும். மோட்டார் தூக்கும், பூட்டு விடாது, நடுவில் பட்டைகள் வளைந்து கழன்றுவிடும். மோட்டாரின் பிரேக்கே ஷட்டரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அன்றாடம் தனிப் பூட்டு தேவைப்படாது. புயல் எச்சரிக்கை வரும் நாள்களுக்கென்று பூட்டை வைத்துக்கொள்ள விரும்பினால், பூட்டியிருக்கும்போது மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி ஒரு சுவிட்சைப் பூட்டோடு இணைக்கச் சொல்லுங்கள். காற்றின் அழுத்தத்தில் பட்டைகள் சேனலை விட்டுப் பிதுங்கி வெளியே வந்துவிடாமல் தடுக்க, பட்டைகளின் முனைகளில் கவ்விகள் பொருத்துவதும் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை நேரில் கண்ட யாருக்கும் இதன் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வீட்டு மின்சாரத்தைப் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் முனகும், சூடேறும். கிளம்பும் நொடியில் மோட்டார் ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், ஓடும் வாட்ஸை மட்டும் பார்த்து இன்வெர்ட்டரின் அளவை முடிவு செய்யாதீர்கள். எப்படியும் நாள்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் இன்வெர்ட்டரும் கைவிட்டுவிடும். வெளியே உள்ள பிரேக் பெட்டிதான் கடைசி வழி.

டெக்சாஸ் நண்பர் சொன்ன சென்சாரைப் பற்றி நானும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். இங்கே விற்கும் சாதாரண ஷட்டர் மோட்டார்களில், இறங்கும்போது எதிலாவது முட்டினால் நின்று திரும்பும் வசதி தானாக வருவதில்லை. ஷட்டரின் எடை பொருளின் மீது உட்கார, மேலே பட்டைகள் தளர்ந்து குவியும். எனவே வாசலின் இரு பக்கமும் ஒளிக்கதிர் சென்சார், அடிப்பட்டையில் அழுத்தம் பட்டால் நிறுத்தும் ரப்பர் விளிம்பு, இரண்டுமே தேவை. பேரக்குழந்தைகள் உள்ள வீடு என்று தெரிந்தால், இவை இரண்டும் இல்லாமல் நான் வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

ரெயின்போ நகர் வாசி – பதில்

எங்களுடையது ஷட்டர் அன்று, ஸ்லைடிங் கேட். ஆனாலும் தங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டித் தெருவெல்லாம் வெள்ளமானது. கேட் மோட்டாரைத் தரையோடு தரையாகப் பொருத்தியிருந்தார்கள். பொருத்தியவர்களிடம் மேடை கட்டச் சொல்லி முன்பே கேட்டும் அவர்கள் செவிசாய்க்கவில்லை. மோட்டாரும் அதற்குள்ளிருந்த சர்க்யூட் போர்டும் நீரில் மூழ்கி வீணாயின. பிறகு ஒன்றரை அடிக்கு காங்கிரீட் மேடை எழுப்பி, மோட்டார் கேட்டை நகர்த்தப் பிடித்துக்கொள்ளும் பற்சட்டத்தையும் அதற்கேற்ப உயர்த்தி, புதிய மோட்டாரை வைத்தோம். ஷட்டர் மோட்டார் வாசலுக்கு மேலே இருப்பதால் இந்த ஆபத்திலிருந்து தப்பிவிடும். ஆனால் அதன் கண்ட்ரோல் பெட்டி, பிளக் பாயின்ட், சென்சார் ஒயரின் இணைப்புகள் எல்லாம் எந்த உயரத்தில் வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் எங்கெல்லாம் ஏறியது என்பது தங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த நீர்மட்டத்துக்கு மேலே பெட்டி இருக்கட்டும்.

இன்னொன்று, எறும்பு. கண்ட்ரோல் பெட்டி வெதுவெதுப்பாகவும் ஈரமில்லாமலும் இருப்பதால், மழைக்காலத்தில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு அதற்குள் குடியேறிவிடும். எங்கள் பெட்டியைத் திறந்தபோது, ரிலேக்கள் எனப்படும், மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சுகளின் இடுக்கெல்லாம் அரிசிக்குருணை கொட்டியதுபோல முட்டைகள் அப்பியிருந்தன. ஒயர் நுழையும் ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஒயரைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரப்பர் கிளாண்டு போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஓட்டைகள் பெட்டியின் அடிப்பக்கம் இருப்பது நல்லது.

கெடிலக்கரை – மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை, விரைவாகவே இறங்கியது. ஆகவே ஸ்பிரிங் வேலையை முதலில் முடிக்கப்போகிறோம். அமெரிக்கச் சாதனம் வேண்டாம் என்பதை மகனும் ஏற்றுக்கொண்டுவிட்டான். ஆனால் கைப்பேசியில் இயக்கும் வசதி இருக்க வேண்டும் என்பதில் அவன் உறுதியாக இருக்கிறான். நாங்கள் வெளியூர் போயிருக்கும்போது ஷட்டர் மூடியிருக்கிறதா என்று பார்க்கவும், காரை சர்வீஸுக்கு எடுத்துச் செல்ல வருபவருக்குத் திறந்துவிடவும் அது உதவும் என்கிறான். ஷெட் வரைக்கும் வைஃபை சிக்னல் சுமாராகத்தான் எட்டுகிறது. இப்படிக் கைப்பேசியில் இணைப்பதில் திருடர்களுக்கு வழிவிடும் ஆபத்து உண்டா என்பதை யாராவது விளக்குங்கள்.

லாஸ்பேட்டை – பதில்

ஐயா, மென்பொருள் துறையில் இருப்பவன் என்பதால் இந்தப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மோட்டாரையும் கைப்பேசி வசதியையும் ஒரே பொருளாக வாங்காமல், இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் என் உறுதியான கருத்து. நல்ல மோட்டார் பல ஆண்டுகள் உழைக்கும். ஆப்பும் அதற்குப் பின்னால் உள்ள நிறுவனத்தின் சர்வரும் அவ்வளவு காலம் நீடிக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அமெரிக்காவில் மிகப் பரவலாக உள்ள சேம்பர்லேன் நிறுவனம், 2023-ன் பிற்பகுதியில், தன் அனுமதி பெறாத பிற செயலிகள் தன் சர்வருடன் பேசுவதைத் தடுத்துவிட்டது. வீட்டில் தாங்களே அமைத்த தானியங்கி ஏற்பாட்டில் அந்தக் கதவை இணைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் அது நின்றுபோனது. கதவு அவர்களுடையது, ஆனால் அதைத் திறக்கும் வழி வேறொருவர் கையில் இருந்தது. தங்கள் வீட்டில் ரிமோட்டும் சுவரிலுள்ள பட்டனும் இணையம் இல்லாமலேயே இயங்க வேண்டும். வைஃபை பெட்டியைக் கழற்றி எறிந்தாலும் ஷட்டர் வழக்கம்போல ஓட வேண்டும்.

ஆபத்து உண்டா என்றால், உண்டு. அதே 2023-ல் நெக்ஸ் என்ற நிறுவனத்தின் வைஃபை பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல் வைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, உலகில் எங்கிருந்தும் பிறர் வீட்டுக் கதவைத் திறக்க முடியும் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பே எச்சரிக்கை வெளியிட்டது. ஆனால் நம் ஊர் நிலைமையில் வைஃபையைவிட ரிமோட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பேன். மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணை அனுப்புகின்றன. 2015-ல் சாமி கம்கார் என்ற ஆய்வாளர், ஒரு குழந்தைகள் விளையாட்டுச் சாதனத்தைச் சற்றே மாற்றியமைத்து, நிலையான எண் கொண்ட கதவுகளை 10 விநாடிக்குள் திறந்து காட்டினார். அழுத்தும்தோறும் எண் மாறும் ரோலிங் கோடு ரிமோட்டையே கேளுங்கள். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: சாவி போடும் கடையில் கொடுத்து, ஒரு ரிமோட்டிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடத்தில் நகல் எடுத்துவிட முடிந்தால், அது பெரும்பாலும் நிலையான எண்தான். ரோலிங் கோடு என்றால் மோட்டாருடன் உள்ள ரிசீவரின் பட்டனை அழுத்திப் புதிய ரிமோட்டைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

வைஃபை பெட்டி வாங்கும்போது, சாதாரண ஒற்றை ரிலே சுவிட்சை வாங்கிவிடாதீர்கள். ஷட்டர் மோட்டாருக்கு மேலேற ஓர் இணைப்பும் கீழிறங்க ஓர் இணைப்பும் உண்டு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனால் மோட்டாரின் சுற்று கருகிவிடும். இரண்டு ரிலேக்களும் ஒருபோதும் சேர்ந்து இயங்காதபடி பூட்டப்பட்ட, திரைச்சீலைக்கும் ஷட்டருக்கும் என்றே விற்கப்படும் வகையைக் கேளுங்கள். அதையும் மோட்டாரின் மின்சாரத்தில் நேரடியாக இணைக்காமல், கண்ட்ரோல் போர்டில் சுவர்ப் பட்டனுக்கென்று உள்ள முனைகளில் இணைப்பது பாதுகாப்பானது. அப்போதுதான் கைப்பேசியிலிருந்து வரும் கட்டளையும் சென்சாரின் தடையை மீற முடியாது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். தங்கள் ஷெட்டுக்கு சிக்னல் சுமார் என்பதால், வீட்டிலிருந்து ஒரு லேன் கேபிளைப் பைப்புக்குள் இழுத்து ஷெட்டிலேயே வைஃபை சிக்னல் தரும் சிறிய ஆக்சஸ் பாயின்ட் ஒன்று வைத்துவிடுங்கள். ரவுட்டரும் அதுவும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

மகன் கேட்கும் முதல் வசதிக்கு, அதாவது மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அடிப்பட்டையில் ஒரு காந்தமும் சேனலில் ஒரு காந்த சென்சாரும் தேவை. ஆப்பில் மூடு என்று அழுத்தியதாலேயே அது "மூடியது" என்று காட்டும் பெட்டிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. ஷட்டர் பாதியில் நின்றிருந்தாலும் அவை அப்படியே காட்டும். உண்மையில் தரையைத் தொட்டதா என்பதைச் சென்சார் சொல்ல வேண்டும். திறந்துவிடும் வசதியைப் பொறுத்தவரை, வெளியூரிலிருந்து திறப்பதில் பெரிய குறை இல்லை. மூடுவதை மட்டும் ஷட்டர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்பவர் செய்யட்டும். சர்வீஸுக்கு வருபவர் காரை வெளியே எடுத்தபின் சுவர்ப் பட்டனில் மூடிக்கொள்ளலாம். ஆப்பில் கீழிறக்கும் கட்டளையையே முடக்கிவைத்துவிட முடியும். சென்சார் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் கண்ணாடியில் உப்புப் படிந்து மங்கும் ஊர் நம் ஊர். குழந்தைகள் விளையாடும் வாசலில், நேரில் பார்க்காமல் 100 கிலோ இரும்பை இறக்குவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

கெடிலக்கரை – மறுமொழி

மிகவும் தெளிவாகிவிட்டது, நன்றி. மூடும் கட்டளையை ஆப்பிலிருந்து நீக்குவதற்கு மகனும் சம்மதித்துவிட்டான். ஷட்டர் பணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: பிரேக் கேபிள் பெட்டியை வெளியே எங்கே வைப்பது? தெருப்பக்கம் வைத்தால் யாராவது உடைத்துவிட மாட்டார்களா? என் மனைவியால் குனியவும் முடியாது, அதிக உயரத்துக்கு எட்டவும் முடியாது.

ஷட்டர் பணி – பதில்

ஐயா, தெருப்பக்கம் வேண்டாம். ஷெட்டின் பக்கச் சுவர் தங்கள் காம்பவுண்டுக்குள் இருக்குமானால் அங்கே, நின்றபடியே கை எட்டும் நாலரை அடி உயரத்தில் வைக்கலாம். கேபிள் கூர்மையாக வளையாமல், பெரிய வளைவில் வர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சிக்கிக்கொண்டு, தேவைப்படும் நாளில் இழுத்தால் வராது. பெட்டி 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ நல்ல பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். மேலே மழைத்தடுப்புத் தகடு ஒன்றைச் சாய்வாக அடித்துவிடுங்கள். சாவித் துவாரத்தில் உப்பு இறுகிப் பூட்டு திறக்காமல் போவது கடலோரத்தில் சகஜம் என்பதால், அதற்கு மூடியுள்ள பூட்டாகப் பார்த்து வாங்கி, கிராஃபைட் தூள் போட்டுவையுங்கள். சாவிகளில் ஒன்று அம்மாவின் கார்ச் சாவியோடும் இன்னொன்று வீட்டுக்குள்ளும் இருக்கட்டும். மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரேக்கை விடுவித்து, அம்மாவையே ஷட்டரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங், சேனல் வேலைகளை ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிட்டால், பெயின்ட் காய்வதற்கு வெயில் கிடைக்கும்.